நகரச் சோலைகளில் குடும்ப உலா

நகரத்தில் வாழ்வோர்க்கு விடுமுறை நாள் என்றவுடன் கடற்கரை, கடைவீதி, படக்காட்சி என்னும் மூன்றுமே நினைவுக்கு வருகின்றன. வீட்டிற்கு அரை மைல் தொலைவில் மாநகராட்சியார் அமைத்த பூங்கா ஒன்று இருப்பினும், அது முதியோர் வட்டமிட்டு நடப்பதற்கும் சிறுவர் ஊஞ்சலாடுவதற்குமே உரியதென்று எண்ணி வாளாவிருக்கின்றோம். அதனுள்ளே மரமும் கொடியும் புழுவும் பறவையும் தத்தம் வாழ்க்கையை நடத்திவருகின்றன என்பதும், குடும்பத்தோடு சென்று அவற்றைக் கண்டுவருதல் செலவின்றிக் கிட்டும் ஓர் இன்பமென்பதும் நம்மிற் பலருக்குத் தோன்றுவதில்லை. அத்தகைய உலாவை எங்ஙனம் நடத்துவது, அதன்கண் எவற்றைக் காணலாகும் என்பவற்றை, யான் வாழும் சென்னை நகரை இடமாகக் கொண்டு, பட்டறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

பட்டறிவு என்றேன், முதலிற் பட்டது தோல்வியே. கல்லூரியில் தாவர நூலைப் பாடமாகப் பயின்றவன் யான். ஆதலின், என் மக்களுக்கு இயற்கையைக் கற்பிக்க என்னினும் தகுதியுடையார் இலர் என்னும் செருக்கு எனக்கு இருந்தது. ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, இருபது மரங்களின் பெயரெழுதிய பட்டியலும் தொலைநோக்கியும் கையிற்கொண்டு, காலை பத்து மணிக்கு ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் ஒரு பெரிய பூங்காவிற்கு அழைத்துச் சென்றேன். மூன்றாவது மரத்தடியில் மகன் நீர் வேண்டினான், கொண்டுவந்திலேன். ஐந்தாவது மரத்தடியில் அழத்தொடங்கினான். என் சொற்பொழிவைக் கேட்டு நின்ற மகள், 'அப்பா, இதற்குப் பரீட்சை உண்டா?' என்று கேட்டாள். பட்டியலை மடித்துப் பையிலிட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

அன்று கற்ற பாடங்களுள் காலத்தைப் பற்றியதும் நீரைப் பற்றியதும் எவரும் எளிதில் உணரக்கூடியவை. நம் நாட்டு வெயிலில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிட வேண்டும். பறவைகளும் அப்பொழுதே சுறுசுறுப்பாயிருக்கும். ஆனால் நடையின் வேகத்தைப் பற்றிய பாடத்தை யான் உணர்வதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின. பெரியோர் தூரத்தைக் கணக்கிட்டு நடப்பர். குழந்தையோ தான் கண்ட பொருளின் முன் நின்றுவிடும். உலாவிற் குழந்தைக்கே தலைமை தருதல் வேண்டும். ஒரு மணி நேரத்தில் நூறு கஜம் நடந்தாலும் அது குறையன்று.

இதனை எனக்குக் கற்பித்தது ஒரு குழியானை. பூங்காச் சுவரோரம், மழை நனையாத நொய்ய மணலில், புனல் போன்ற சிறு குழிகள் பல இருந்தன. மகன் அவற்றின் முன் குந்தியவன் எழவே இல்லை. வழி தவறிய ஓர் எறும்பு குழியின் விளிம்பில் கால் வைத்தது, மணல் சரிந்தது. ஏற முயன்ற எறும்பின்மேல் குழியின் அடியிலிருந்து மணல் வீசியெறியப்பட்டது. அது மீளவும் சரிந்து வீழ்ந்தது. இரண்டு வளைந்த கொறடுகள் அதனைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டன. குழியானை என்பது முழு வளர்ச்சியுற்ற பூச்சியன்று, புழுப்பருவமே. பின்னோக்கியே நகர்ந்து, தலையால் மணலை எற்றிக் குழி தோண்டி, அடியிற் புதைந்து இரைக்குக் காத்திருக்கும். பின்னர் மண்ணுக்குள்ளேயே கூடு கட்டி, சிறகு முளைத்து, தட்டான் போன்ற வடிவோடு வெளிவரும். தட்டானைப்போல விரைந்து பறக்கும் ஆற்றல் அதற்கில்லை. இவற்றையெல்லாம் யான் புத்தகத்திற் படித்திருந்தேன். ஆனால் நாற்பது நிமிஷம் மணலருகே குந்தியிருந்து ஒரு குழியானையைப் பார்த்தது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

மற்றொரு பாடம் என் தாயாரிடமிருந்து வந்தது. தந்தையார் மறைந்தபின் திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் ஊரை விட்டு அவர் எம்முடன் வந்து, மூன்றாம் மாடியிலுள்ள எம் வீட்டில் இரண்டாண்டுகளாக வாழ்ந்து வந்தார். வாழ்ந்தார் என்பதினும் சன்னலருகே அமர்ந்திருந்தார் என்பதே பொருந்தும். பேச்சு மிகக் குறைந்துவிட்டது. தனியே விட்டுச்செல்ல இயலாமையின், அவரையும் ஒருநாள் கிண்டியிலுள்ள குழந்தைகள் பூங்காவிற்கு அழைத்துச் சென்றோம். வேலியோரத்து முட்புதர் ஒன்றைச் சுட்டி மகள் பெயர் கேட்டாள். 'கரிஸ்ஸா ஸ்பைனாரம்' என்று இலத்தீன் பெயரை மிடுக்காய்ச் சொன்னேன். 'தமிழில் என்ன?' என்றாள். எனக்குத் தெரியவில்லை. 'இது களால்லா, ஐயா! பழம் கறுத்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரையில மடி நிறையப் பறிச்சுத் தின்போம்' என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அன்று காலை முழுவதும் அவர் பேசிக்கொண்டே வந்தார். கொக்கிபோல் வளைந்த முள்ளைக் கொண்டு சூரையையும், நாற்புறமும் பட்டைதீட்டியது போன்ற தண்டைக் கொண்டு பிரண்டையையும் இனங்காட்டினார். பேரனின் கால்சட்டையில் தலைகீழாய் ஒட்டிக்கொண்டிருந்த நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியவாறே, அதன் தண்டு பல் துலக்க உதவுமென்றார். தும்பைப் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடிக்கவும் கற்றுக்கொடுத்தார். பூங்காவில் எதனையும் பறிக்கலாகாது என்பது எம் விதி. தும்பை வெளியே நடைபாதையோரத்தில் முளைத்திருந்தமையால் அவ்விதியைச் சற்றே தளர்த்தினேன்.

இதனை இவ்வளவு விரித்தமைக்குக் காரணமுண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயரை அடுக்கியிருப்பதை நாம் மேடைகளிற் பெருமையுடன் எடுத்துரைக்கின்றோம். அவற்றுட் பத்தையேனும் செடியில் வைத்துக் காட்ட வல்லார் நம்முள் எத்தனை பேர்? என் தாயார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட செடிகொடிகளை முள்ளாலும் மணத்தாலும் அறிவார். யான் அவற்றின் இலத்தீன் பெயர்களை அறிவேன். என் மகளோ இரண்டையும் அறியாள். ஒரே தலைமுறையில், ஒரே வீட்டில், இஃது எப்படி நேர்ந்தது என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆதலின், உலாவுக்குச் செல்வோர் வீட்டிலுள்ள முதியோரை விட்டுச்செல்லலாகாது என்பேன். நம் புத்தகங்களில் இல்லாதவை பல அவர்களிடம் உண்டு.

நகர்ப்புறத்து உயிர்களைக் கூர்ந்து நோக்கி எழுதியோருள் மா. கிருஷ்ணன் அவர்களைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வராகிய இவர் 1912-இற் பிறந்தவர், மயிலாப்பூரில் வாழ்ந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கருத்தோடு வீட்டு முற்றத்துக் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார்.

இனி, சென்னையிலும் அதனைச் சூழ்ந்தும் உள்ள இடங்கள். கிண்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. கடலோரச் சமவெளிக்கு உரிய வறண்ட பசுமைமாறாக் காடு நகரின் நடுவே எஞ்சியிருப்பது இங்கேயே. புள்ளிமானும், திருகிய கொம்புடைய வெளிமானும் இதில் வாழ்கின்றன. வனத்துறையாரின் இசைவின்றிக் காட்டினுட் புகல் ஆகாது. ஆயினும் அதனை ஒட்டிய குழந்தைகள் பூங்காவிலிருந்தே அக்காட்டின் மரங்களை அறிந்துகொள்ளலாம். தாம்பரத்திற்கு 1937-இற் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகமும் இத்தகைய புதர்க்காட்டை உடையதே. அங்கே வேதிநூற் பேராசிரியராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ், அவர் மனைவியார் ஆலிஸ் பார்ன்ஸ் ஆகிய இருவரும் மரம் வளர்ப்பதிற் காட்டிய ஈடுபாடு நினைவுகூரத்தக்கது. நன்மங்கலத்துக் காப்புக்காட்டில், கைவிடப்பட்ட கல்லுடைப்புப் பள்ளங்களின் பாறையிடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கார்த்திகை முதல் மாசி வரை சென்றால் வலசை வரும் நீர்ப்பறவைகளைக் கூட்டங்கூட்டமாய்க் காணலாம்.

ஓரிடத்திற்கு மட்டுமே போக இயலுமாயின், அடையாற்றில் பிரம்மஞான சபையாரின் தோட்டத்திலுள்ள ஆலமரத்தடிக்குச் செல்க என்பேன். அதன் வயது சுமார் 450 ஆண்டு என்பர். 1989-இல் வீசிய புயற்காற்றில் நடு அடிமரம் வீழ்ந்துவிட்டது. ஆயினும் விழுதுகளே தாயாகி மரத்தைத் தாங்கி நிற்கின்றன. அங்கு மகள் ஓர் ஐயத்தைக் கிளப்பினாள்: 'ஆலம்பழத்தைப் பார்க்கிறோம், ஆலம்பூ எங்கே?' ஆலும் அரசும் அத்தியும் ஓரினத்தன. அரிதாய் நிகழ்வதை 'அத்தி பூத்தாற்போல' என்று வழங்குகின்றோம். உண்மையில் அத்தி ஆண்டுதோறும் பூக்கின்றது. பூக்கள் புறத்தே தோன்றுவதில்லை, அவ்வளவே. நாம் காய் என்று கருதும் உருண்டையின் உட்சுவரெங்கும் நுண்ணிய பூக்கள் நிறைந்துள்ளன. எள்ளினும் சிறிய பெண்குளவி ஒன்று உருண்டையின் முனையிலுள்ள இடுக்கான துளை வழியே நுழைகின்றது. நுழையும்போதே அதன் சிறகுகள் ஒடிந்துவிடும். தான் கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களிற் சேர்த்து, அவற்றுட் சிலவற்றில் முட்டையிட்டு, அவ்விடத்திலேயே இறந்துபோகின்றது. முட்டைகளிலிருந்து முதலில் வெளிப்படும் ஆண்குளவிகளுக்குச் சிறகில்லை. அவை பெண்குளவிகளோடு கூடி, அவை வெளியேறுதற்கு வழி குடைந்துவிட்டு மடிகின்றன. பெண்குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வேறோர் உருண்டையைத் தேடிப் பறக்கின்றன. ஆலுக்கென ஒரு குளவி, அரசுக்கென வேறொரு குளவி. அக்குளவி அழியின் ஆலுக்கு விதை இல்லை. ஆல் அழியின் குளவிக்கு இனம் இல்லை. கீழே வீழ்ந்துகிடந்த ஒரு பழத்தைப் பிளந்து கைக்கண்ணாடியால் நோக்கியபோது, மகள் முதலிற் கேட்டது பூவைப் பற்றியன்று. சிறகொடிந்த தாய்க்குளவிக்கு அது வலித்திருக்குமா என்பதே. எனக்கு விடை தெரியவில்லை என்றேன்.

பறவைகளைக் காணச் சிறுவரால் இயலாதபோது கேட்கச் சொல்லுக. இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை குரல் கேட்டனவென்று விரல்விட்டு எண்ணுதல் எம் வீட்டார் விரும்பும் விளையாட்டு. கன்னான் செம்பு தட்டுவதுபோல் 'டுக், டுக்' என்று ஓயாது ஒலிப்பது குக்குறுவான். பட்டுப்போன கிளையைக் குடைந்து அது கூடு அமைப்பதால், பட்ட கிளை என்றவுடன் வெட்டியெறியும் தோட்டக்காரர்கள்மேல் எனக்குச் சிறிது வருத்தமுண்டு.

பூங்காவே இல்லாத தெருவினர் என் செய்வது? வெற்றுமனையில் ஓர் எருக்கஞ்செடி போதும். இலையின் அடியில், கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பட்டையிட்ட புழு இருக்கும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடலிற் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை வெறுத்து ஒதுக்கும். சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சு காப்பாக நிற்கின்றது.

வெளியில் உலவுவது கண்ணுக்கும் நன்று. சீன நாட்டுக் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நிகழ்ந்து, 2015-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புச் சிறார்க்கு நாடோறும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியிற் பயிற்சி அளித்தனர். மூன்றாண்டு கழிந்தபின், அவர்களுட் புதிதாகக் கிட்டப்பார்வை உற்றோர் நூற்றுக்கு 30.4, ஏனைப் பள்ளிகளில் 39.5. எங்கள் வாராந்தர உலாவால் அப்பயன் முழுதும் கிட்டாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். நாள்தோறும் என்பதே அவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

எச்சரிக்கைகள் சில. காலணியின்றிப் புதரோரம் நடத்தல் கூடாது. பாம்பு மறைந்திருக்கக்கூடிய இடத்தில் கைவிடலும் கூடாது. மானுக்கும் குரங்குக்கும் தீனி கொடுத்தல் அவற்றிற்குக் கேடே. செந்நிறத்திற் கருவிழி பதித்தாற்போன்ற குன்றிமணி சிறுவரை எளிதிற் கவரும். அதனை மென்று விழுங்கினால் உயிர்க்கே இறுதியாம். பொறுக்கினால் பெரியோர் கையிற் கொடுத்துவிடப் பழக்குக. கைப்பேசியை வீட்டில் விட்டுச்செல்க என்று எழுத எண்ணினேன். யானே அதனைச் செய்வதில்லை ஆதலின் விடுக்கின்றேன்.

சென்ற ஆண்டு முதல் தாயாருக்கு முழங்கால் வலி மிகுந்து, நடத்தல் அரிதாயிற்று. இப்பொழுது அவர் வாயிலருகேயுள்ள கல்லிருக்கையில் அமர்ந்துவிடுகின்றார். பேரப்பிள்ளைகள் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கொணர்வர். கண் மங்கியமையால் இலையை உள்ளங்கையிற் கசக்கி முகர்ந்து பெயர் சொல்வார். மகள் ஒரு குறிப்பேட்டில் இலையை ஒட்டி, பக்கத்தில் தமிழ்ப் பெயரையும், அதன்கீழ் என்னைக் கேட்டு இலத்தீன் பெயரையும் எழுதுவாள். இதுவரை அறுபத்து நான்கு இலைகள் சேர்ந்துள்ளன. சென்ற வாரம் மகன் கொணர்ந்த கொடியிலை ஒன்றை மூன்று முறை முகர்ந்து பார்த்து, 'பேரு நினைவுக்கு வரல்லையே, ஐயா' என்றார். அவ்விலையின் அருகே மகள் இடம் விட்டு வைத்திருக்கின்றாள்.