மூலமும் உரையும்

பண்டிதர் வகுப்பிலே பழைய நூலொன்றைப் பாடஞ் சொல்லும்போது மூலத்தை முதலில் வாசிப்பித்து, உரையைப் பின்னர் விரிப்பதே மரபு. உரை எத்துணைச் சிறந்ததாயினும் மூலத்தின் இடத்தைப் பெறமாட்டாது. சரித்திர பாடத்திலோ, மூலத்தைக் கண்ணாலுங் காணாத மாணாக்கர் உரையை மட்டும் மனனஞ் செய்கின்றனர். ஒரு தேசம் தன்னுள்ளே பிளவுண்டு பொருத போரைக் கற்பிக்குமிடத்து இதனால் விளையுந் தீங்கு பெரிது. போர் ஓய்ந்தபின் ஒவ்வொரு திறத்தாரும் தத்தமக்கேற்ற உரையை எழுதிவிடுகின்றனர் அன்றோ?

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை உயர்வகுப்பு மாணாக்கருக்கு நான் மூலங்கொண்டே கற்பிப்பதுண்டு. மாநில உரிமைக்காகவே தென்னவர் போரிட்டனர் என்பது நெடுங்காலம் வழங்கிய உரை. அதனைச் சொல்லிவிட்டு, பிரிவினைக்குக் காரணங்கூறித் தென் கரோலினா மாநிலம் 1860 டிசம்பர் 24 இல் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தின் பகுதிகளைத் தமிழிற் பெயர்த்து அவர்கள் கையிற் கொடுப்பேன். வடவர் அடிமை முறையைப் பகைக்கின்றனர், தப்பியோடிய அடிமைகளை மீட்டுத்தர மறுக்கின்றனர் என்பனவே அதன் தலையாய முறைப்பாடுகள். அடிமைகளை மீட்பதற்குத் தடையாக வட மாநிலங்கள் இயற்றிய சட்டங்களையும் அது குற்றமாகச் சாட்டுகின்றது. தமக்கு மாநில உரிமை வேண்டியோர் பிற மாநிலங்களுக்கு அதனை வழங்க இசைந்திலர் என்பதை மாணாக்கர் தாமே கண்டுகொள்வர்.

அடுத்து வைப்பது, தென்னவர் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 இல் சவன்னா நகரில் ஆற்றிய பேச்சு. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்னுங் கொள்கையே புதிய அரசின் மூலைக்கல் என்றார் அவர். 1868 இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலோ, அரசியலமைப்புப் பற்றிய கருத்து வேறுபாட்டையே போரின் அடிப்படையாகக் காட்டுகின்றது. பேசியவர் ஒருவரே, இடையிலே நின்றது தோல்வி. எனினும் அப்பேச்சு பத்திரிகை நிருபர் குறித்த வடிவிலேயே நமக்குக் கிடைத்துள்ளது. நிருபரின் குறிப்பிற் பிழையுண்டு என ஸ்டீபன்ஸ் பின்னாளில் வாதித்தார். அதனையும் மறையாது சொல்லுதல் ஆசிரியர் கடன். ஒரு சான்றில் எழும் ஐயத்தை மற்றொரு சான்றாற் சோதிக்கலாம். அதற்குப் பிரகடனம் அருகிலேயே இருக்கின்றது.

இவையெல்லாம் ஆண்டைமாரின் வாக்குகள். 1860 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறக்குறைய 40 இலட்சம் மக்கள் அங்கு அடிமைகளாயிருந்தனர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென் மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்திருந்தமையால், அவர்கள் கைப்பட எழுதியவை அரியன. முன்னாள் அடிமைகளுள் எஞ்சியிருந்த முதியோரிடம் 1936 முதல் 1938 வரை அரசின் ஆதரவிலே 2,300 க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் பெறப்பட்டன. வினவியோருட் பெரும்பாலோர் வெள்ளையர். விடையிறுத்தோர் இனவொதுக்கலின்கீழ் வறுமையில் வாடியோர். ஆகவே அவர்கள் சொன்னதோடு, சொல்லத் தயங்கியதையும் உய்த்துணர வேண்டும்.

சொன்னவர் யார், எப்போது சொன்னார், எவரிடஞ் சொன்னார் என்னும் மூன்று வினாக்களையே நான் மாணாக்கரிடம் வற்புறுத்துவது. இவற்றை வினாவப் பழகியவன் ஆசிரியர் கூற்றையும் அவ்வாறே ஆராய்வான். அதனை நாம் அவமதிப்பென்று கொள்ளலாகாது. போர் கண்ட எந்நாட்டிலும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டப்படும் கல்வி அதுவே.