இரண்டு பேர் தரும் கூலி

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. அமெரிக்காவில் தொழில் தகராறு நடுவர் என்று ஒரு பிழைப்பு உண்டு. சமாதானம் பேசுகிற மத்தியஸ்தர் வேறு. இவர் தீர்ப்பு எழுதுபவர். ஒருவரை வேலையை விட்டு நீக்கியது நியாயமா, ஒப்பந்தத்தின் இந்த வரிக்கு என்ன பொருள் என்பதெல்லாம் இவரிடம் வரும். கூலியை நிர்வாகமும் சங்கமும் பெரும்பாலும் பாதிப் பாதியாகக் கொடுக்கும்.

“அப்போ அவர் யாரோட ஆள்?” என்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். நடுவர் வேண்டுமென்றால் அரசின் மத்தியஸ்த அலுவலகம் ஏழு பெயர் அனுப்பும். நிர்வாகம் ஒன்றை அடிக்கும், சங்கம் ஒன்றை அடிக்கும், மாறி மாறி. கடைசியில் அடிபடாமல் மிஞ்சுபவர்தான் நடுவர். அடிக்கும் முன் அவருடைய பழைய தீர்ப்புகளை இரு தரப்பும் துருவிப் பார்ப்பார்கள். எனவே புதியவருக்கு லேசில் வழக்கு வராது. முதல் தலைமுறைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத் தொழிலாளர் வாரியத்திலேயே பலர் தொழில் பழகிக்கொண்டார்கள்.

பீட்டர் சைட்ஸ் கதையைக் கேள். பேஸ்பால் அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் பொதுவான நடுவர். ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டாலும் பழைய ஒப்பந்தத்தை அணி ஓராண்டு நீட்டிக்கலாம் என்று ஒரு சரத்து இருந்தது. நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே சரத்து இருக்கிறதே, மறுபடி நீட்டிப்போம், அதற்கப்புறமும் நீட்டிப்போம் என்றார்கள் முதலாளிகள். வாடகை வீட்டுப் பத்திரத்தில் இப்படி எழுதிக்கொண்டால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யவே மாட்டார்! மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இருவர் கையெழுத்தில்லாமலே 1975 பருவத்தை ஆடப் போனார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சைட்ஸ் கெஞ்சாத குறை. நடக்கவில்லை. டிசம்பர் 23 அன்று எழுதினார்: ஓராண்டு என்றால் ஓராண்டுதான்.

அன்றைக்கே முதலாளிகள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டு பேர் கொடுத்த வேலையை ஒருவரே பறித்துவிடலாம், பார்த்தாயா? அதைத் தெரிந்துகொண்டே எழுதியதால்தான் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை.

தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். ஆனால் 1960இலேயே உச்ச நீதிமன்றம் எஃகுத் தொழிலாளர் சங்கம் தொடுத்த மூன்று வழக்குகளில் சொல்லியிருந்தது: நடுவர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்ன பொருளில், நமக்கு வேறாகத் தோன்றுகிறது என்பதற்காக நீதிபதிகள் கைவைக்கக்கூடாது. சைட்ஸ் தீர்ப்பும் அப்படியே நின்றது. 1976இல் முதலாளிகள் சங்கத்தோடு உட்கார்ந்து, ஆறு வருடம் ஆடியவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று புது ஒப்பந்தம் போட்டார்கள்.