பூண்டும் நாட்பட்ட மார்பு நோயும்

மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் பெருஞ்சாலையில், படுத்த நாகம்போல் நீண்டு கிடக்கும் மலையின் அடிவாரத்தில் நாகமலை புதுக்கோட்டை அமைந்துள்ளது. இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த கிராமங்களிலும் பூண்டு இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. மேற்கு மலைகளில் பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தையும் இப்பகுதி ஜனங்களுக்கு நன்கு அறிமுகமானதே. ரசத்துக்கும் குழம்புக்கும் அன்றி, பிள்ளை பெற்றவளுக்கும், வாயுத் தொல்லைக்கும், சளி இருமலுக்கும் பூண்டைக் கொடுப்பது பரம்பரையான வழக்கம். பாலில் வேகவைத்த பூண்டு மார்புச் சளியைக் கரைக்கும் என்பது பாட்டிமார் வாக்கு.

இரண்டு மூன்று நாட்களில் நீங்கும் சாதாரண இருமலுக்கு இவ்வழக்கத்தால் கெடுதி ஒன்றும் விளைவதில்லை. ஆனால் வாரக்கணக்கில் நிற்கும் இருமலுக்கும் பூண்டே போதும் என்று ஒருவர் வாளாவிருப்பாராயின், அதன் பயன் அவரை மட்டும் சார்ந்ததன்று; அவருடைய குடும்பத்தையும் தெருவையும் சார்ந்ததாகும். ஆகையால், பூண்டினால் ஆவது எது, ஆகாதது எது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

பூண்டின் பழம் பெருமை

பூண்டின் புகழ் மிகப் பழமையானது. 1890-இல் மத்திய ஆசியாவில் கூச்சா என்னுமிடத்தில் பவர் என்ற ஆங்கிலச் சேனை அதிகாரியின் கைக்கு வந்த ஏட்டுச் சுவடிகளில், பூண்டின் குணங்களை விவரிக்கும் வடமொழி மருத்துவப் பகுதி ஒன்று உள்ளது. அது ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படுகிறது. நாகமலைக்கு அருகே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் வாழ்ந்த முனிவர்களின் சமயம் மருந்தளித்தலை நான்கு தானங்களுள் ஒன்றாகப் போற்றியது. எனினும் பூண்டைத் தங்கள் உணவினின்றும் விலக்கியது. ஒரே பொருளை ஒரு சாரார் மருந்தென்றும் மற்றொரு சாரார் விலக்கத்தக்கதென்றும் கொண்டனர். ஆதலின் வழக்கம் ஒன்றையே சான்றாகக் கொள்ளாமல், பரிசோதனையையும் கேட்பதே முறை.

மேல்நாட்டிலும் இவ்வெண்ணம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் மிஞ்சின் என்ற வைத்தியர், க்ஷய ரோகிகளுக்குப் பூண்டைப் பிரயோகித்துத் தாம் கண்ட நன்மைகளைப் புத்தகமாக எழுதினார். அக்காலத்தில் அந்நோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான ஆகாரம் ஆகிய மூன்றுமே சிகிச்சை. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய ஆரோக்கிய ஸ்தலமும் அம்முறையைப் பின்பற்றியதே. அவ்வாறு தங்கியவர்களில் சிலர் தாமாகவே தேறினர், பலர் மாண்டனர். தேறியவர் பூண்டினால் தேறினாரா, இயல்பாகத் தேறினாரா என்று பிரித்தறிய வழியில்லாமலிருந்தது.

பூண்டினுள் இருப்பது

உரிக்காத பூண்டுப் பல்லுக்கு அவ்வளவு நெடி இல்லை. நசுக்கியவுடன் காரமான நெடி எழுகிறது. இதற்குக் காரணம் உண்டு. பல்லினுள் அல்லியின் என்னும் கந்தகம் கலந்த பொருளும், அதனை மாற்றவல்ல ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் உள்ளன. நசுக்கும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்க, அல்லிசின் என்னும் புதுப்பொருள் உண்டாகிறது. 1944-இல் அமெரிக்க ரசாயன அறிஞர்களான கவல்லிட்டோ, பெய்லி ஆகிய இருவர் இதனைப் பிரித்தெடுத்து, இது பலவகைக் கிருமிகளை அடக்குவதையும் காட்டினர். சோதனைக் குழாயில் க்ஷயக் கிருமியின் வளர்ச்சியையும் பூண்டுச் சாறு தடுப்பதாக ஆய்வாளர் பின்னர் கண்டுள்ளனர். ஆகவே, பூண்டுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி உண்டு என்னும் கூற்று பொய்யன்று.

ஆயினும் குழாயில் நிகழ்வது நுரையீரலிலும் நிகழும் என்று கொள்ளலாகாது. அல்லிசின் நிலையற்ற பொருள். முழுப் பல்லைப் பாலில் கொதிக்கவைத்தால் நொதி வெந்து செயலற்றுவிடும். அல்லிசின் பெரும்பாலும் உண்டாவதே இல்லை. பச்சையாக நசுக்கி உண்டாலும், இரத்தத்தில் கலந்த சிறிது நேரத்திலேயே அது வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. பூண்டு தின்றவரின் மூச்சு நெடுநேரம் மணப்பதைக் கண்டு, மருந்து நுரையீரலை எட்டிவிட்டது என்று பலர் எண்ணுவர். அம்மணம் இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கு வந்து வெளிப்படுவது மெய்யே. ஆனால் அங்ஙனம் மணப்பது அல்லிசின் மாறியபின் எஞ்சும் வேறொரு கந்தகப் பொருள். கிருமியை அடக்கிய அல்லிசின் அன்று. மணம் சென்ற இடமெல்லாம் மருந்தும் சென்றதாகாது.

கிருமியின் இயல்பு

1882 மார்ச்சு 24-ஆம் நாள் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக், க்ஷய ரோகத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டதாக வெளியிட்டார். அக்கிருமி மெழுகு போன்ற தடித்த மேலுறை உடையது. மற்ற கிருமிகள் பல அரை மணிக்குள் இரட்டிக்க, இது இரட்டிக்க ஏறக்குறைய முக்கால் நாள் ஆகிறது. உடலைக் காக்கும் வெள்ளணுக்களின் உள்ளேயே புகுந்து உறங்குவதுபோல் கிடக்கும் தன்மையும் இதற்கு உண்டு. ஆகவே இதனை வெல்லும் மருந்து இரத்தத்தில் போதிய அளவில் நிற்கவேண்டும், உறையைத் துளைக்கவேண்டும், பல மாதம் இடைவிடாமல் தாக்கவேண்டும். இம்மூன்றும் பூண்டினால் ஆவன அல்ல. நோயாளிகளிடையே நடந்த முறையான சோதனை எதிலும் பூண்டு தனித்து நின்று க்ஷயத்தைக் குணப்படுத்தியதாக நிறுவப்படவில்லை.

மருந்து வந்த வரலாறு

1943-இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் நடந்து 1948-இல் வெளியான சோதனையில், நோயாளிகள் சீட்டுப் போடுவதைப் போன்ற முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஆறு மாதத்தில், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். ஓய்வுடன் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்ற 55 பேரில் 4 பேரே இறந்தனர். தாமாகத் தேறுபவர் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாக இருப்பராதலால், மருந்தின் பயன் ஐயமறத் தெரிந்தது. எனினும் மருந்து ஒன்றை மட்டும் கொடுத்தால், சில மாதங்களில் கிருமி அதற்கு வசப்படாமல் போவதும் அப்பொழுதே புலனாயிற்று. ஒரே சமயத்தில் பல மருந்துகளைக் கொடுக்கும் முறை இதனால் ஏற்பட்டது.

இத்துறையில் தமிழ்நாடு உலகுக்கே வழிகாட்டியது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட க்ஷயரோக மருந்தாய்வு நிலையத்தில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, ஒரு சாரார் ஆரோக்கிய ஸ்தலத்திலும் மறு சாரார் தங்கள் ஏழைக் குடில்களிலும் ஓராண்டு மருந்து பெற்றனர். ஸ்தலத்தில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரமும் ஓய்வும் மிகுதி. ஆயினும், மருந்தைத் தவறாமல் உண்ட வீட்டு நோயாளிகளும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒப்பாகவே குணமடைந்தனர். அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை. நோயாளியை ஊரை விட்டு அகற்ற வேண்டியதில்லை என்பது 1959-இல் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இன்று செய்யவேண்டுவது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது காணினும் சளியைப் பரிசோதிக்கவேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களின் மூலம் இப்பரிசோதனையும், பின்னர் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே தோப்பூர் ஆஸ்டின்பட்டியில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனையும் இவ்வட்டாரத்துக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. நாட்பட்ட இருமல் யாவும் க்ஷயம் அல்ல. ஆஸ்துமா, புகையிலையால் வரும் கேடு, அடுப்புப் புகையால் வரும் நோய், மூச்சுக்குழாய் விரிந்து சீழ் தங்கும் நோய் முதலியனவும் இருமலை நீட்டிக்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறாதலின், எந்நோய் என்று அறியாமல் எதையும் உண்பது இருட்டில் கல்லெறிவதை ஒக்கும்.

மருந்துக்கு வசப்படும் க்ஷயத்துக்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறமே; அஞ்சவேண்டியதில்லை. கண் மஞ்சளானாலோ, ஓயாத வாந்தி கண்டாலோ உடனே வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும். ஓரிரு மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்கும். பலரும் மருந்தை நிறுத்துவது இத்தருணத்தில்தான். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகி, மருந்துக்கு வசப்படாதனவாக மாறுவதும் இதனால்தான்.

தாமதத்தின் விலை பெரிது. மிகவும் மெலிந்து, நிற்கவும் மாட்டாத நிலையில் வருபவர்களே சிகிச்சையின் முதல் வாரங்களில் பெரிதும் இறக்கின்றனர். அத்தகையோரை எடை, மூச்சு, நிற்கும் வலு ஆகியவற்றைக் கொண்டு கண்டறிந்து உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிற்று. பூண்டுப் பாலை நம்பிக் கழிக்கும் இரண்டு மாதம், நடந்து வரக்கூடியவரைத் தூக்கி வரவேண்டியவராக்கிவிடும்.

பூண்டுக்கு உரிய இடம்

இவ்வளவு கூறியதனால் பூண்டைத் தள்ளவேண்டும் என்பதில்லை. நோயாளியின் நாவுக்கு ருசி குன்றியிருக்கும் காலத்தில், பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட ரசம் இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்க உதவுமாயின், அதுவே பெரிய நன்மை. சமையலில் சேரும் அளவு பூண்டினால் தீங்கில்லை. ஆனால் பச்சைப் பூண்டை மிகுதியாக விழுங்குவது வயிற்றைப் புண்ணாக்கும். அரைத்த விழுதைக் குழந்தைகளின் மார்பில் கட்டினால் தோல் வெந்து கொப்புளிக்கும். பூண்டு இரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்துவதால், சளியில் இரத்தம் காண்பவரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும் அதனை மருந்தளவில் உண்ணலாகாது. பூண்டு மாத்திரைகள் சில மருந்துகளின் வலிமையைக் குறைப்பதும் உண்டு. ஆதலால் அவற்றை உண்பவர் வைத்தியரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

சங்கத்தின் கடமை

கடன் சுமையிலிருந்து குடியானவர்களை மீட்கவே 1904-இல் இந்நாட்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. சம்பாதிப்பவர் ஆறு மாதம் படுத்துவிட்டால் அக்குடும்பம் மீண்டும் கடனில் விழும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆகவே இந்நோய் சங்கத்தின் கவலைக்கும் உரியதே.

ஆகாரத்தின் வலிமையை அண்மைக் காலத்து ஆராய்ச்சி ஒன்று எண்ணிக்கையோடு காட்டியுள்ளது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான அவ்வாராய்ச்சியில், நோயாளிகளின் வீட்டாருள் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவ்வுதவி பெறாத வீட்டாரைக் காட்டிலும் இவர்களிடையே புதிதாக க்ஷயம் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுள் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடையே மரணமும் குறைவாயிருந்தது. சென்னை ஆராய்ச்சியும் ஜார்க்கண்டு ஆராய்ச்சியும் ஒன்றற்கொன்று முரண் அல்ல. மருந்து கிருமியைக் கொல்கிறது, ஆகாரம் உடலைக் காக்கிறது.

நோயாளியின் ஆகாரத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் மத்திய சர்க்காரால் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்வதால், கணக்கு இல்லாதவருக்கு அதைத் திறக்க உதவுவது சங்கத்துக்கு எளிய காரியம். 2022-இல் ஏற்பட்ட நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டின்படி, தனி நபரேயன்றிக் கூட்டுறவுச் சங்கங்களும் நோயாளிகளை ஏற்று மாதந்தோறும் உணவுப் பொருள் அளிக்கலாம். நியாயவிலைக் கடைகளை நடத்திப் பழகிய சங்கங்களுக்கு அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுப்பது புதிய வேலையன்று. கடன் தவணை தவறிய அங்கத்தினரின் வீட்டில் நோய் உண்டா என்று பஞ்சாயத்தார் முதலில் விசாரிப்பதும் நன்று. நோயாளியின் பெயரைப் பொதுக்கூட்டத்தில் சொல்லாதிருப்பது அதனினும் நன்று. கூச்சமே பலரைப் பரிசோதனைக்கு வரவொட்டாமல் தடுக்கிறது.

பூண்டு ரசம் வீட்டில் கொதிக்கட்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், சளிப் பரிசோதனைக்குச் செல்வதை ஒரு நாளும் ஒத்திப்போடாதிருப்பதே அறிவுடைமை.