பேகன் போர்வையும் கடைப் படிக்கட்டும்

    

'குளிர் காலத்தில் கடை வாசலில் ஒதுங்கும் தெரு வியாபாரிக்குத் தேவை, கடைக்காரரின் கருணையா? கடையின் விதிமுறையா?' இதுதான் தலைப்பு. நான் விதிமுறை அணி. எதிரணிச் சகோதரி பேசி முடிச்சப்ப கைத்தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரம்மாவே முதல் வரிசையில உட்கார்ந்துகிட்டு அவங்களுக்குக் கை தட்டினாங்க. (சிரிப்பு) பரவாயில்லை. ஒரு பத்து நிமிஷம் என்னையும் கேளுங்க.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுறேன். 'திண்டுக்கல்ல என்னய்யா குளிரு? கொடைக்கானல்ல சொல்லு, ஒத்துக்கறோம்'னு நம்ம நண்பர் ஒருத்தர் கிண்டல் பண்ணினார். கொடைக்கானலும் எங்க மாவட்டம்தான். சுமார் 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில ராத்திரி வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிடும். அங்கே ஏரிக்கரையில வியாபாரம் பண்றவங்க ஸ்வெட்டர், குல்லாவோட உட்கார்ந்திருப்பாங்க. ஆனா சமவெளியில இருக்கறவங்ககிட்ட ஸ்வெட்டரே கிடையாது. மார்கழி, தையில விடியக்காலம் எங்க ஊர்ல 20 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை வெயில்ல வெந்த உடம்புக்கு, சேலைத் தலைப்பைத் தவிர வேற போர்வை இல்லாத உடம்புக்கு, சிறுமலைப் பக்கமிருந்து காத்து வீசினா அதுவே குளிர்தான்.

அதுலயும் பூக்காரம்மா நிலைமையை நினைச்சுப் பாருங்க. நிலக்கோட்டை, சின்னாளபட்டி சுத்துப்பட்டுல விளையற மல்லிகை விடியறதுக்குள்ள மார்க்கெட்டுக்கு வந்து சேரணும். அதை வாங்கி, வாழை நார்ல தொடுத்து, வாடாம இருக்கத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். ஈரக் கூடை, ஈரத் துணி, ஈரக் கை. காத்தை விடத் தண்ணி ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும்னு விஞ்ஞானம் சொல்லுது. கீழே சிமெண்டுத் தரை வேற. நீங்களும் நானும் அதே 20 டிகிரியில காதுல மப்ளர் கட்டிக்கிட்டு நடைப்பயிற்சி போறோம். அந்தம்மா அதே 20 டிகிரியில நனைஞ்ச கையோட நாலு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணா?

இன்னொரு விஷயம். பனி விழுந்தா மல்லிகை வரத்து குறைஞ்சுடும். வரத்து குறைஞ்சா விலை ஏறிடும். தை மாசத்துல கிலோ 2,000 ரூபாயைத் தாண்டின வருஷங்கள் உண்டு. அப்போ குளிர் காலத்துலதான் பூக்காரம்மாவுக்கு முதல் அதிகம், ஆபத்தும் அதிகம். பொழுது சாயறதுக்குள்ள வித்தாகணும். மொட்டு விரிஞ்சுட்டா போச்சு. குளிருதுன்னு வீட்ல படுத்துக்க முடியாத தொழில் அது.

இப்போ என் கதைக்கு வர்றேன். இதை மேடையில சொல்றதா வேண்டாமான்னு நேத்து ராத்திரி வரைக்கும் யோசிச்சேன்.

நான் எங்க ஊர்ல ஒரு ஜவுளிக்கடையில மேனேஜர். பல வருஷத்துக்கு முந்தி ஒரு மார்கழி. பொங்கல் சரக்கு லாரி வர்ற நேரம்னு விடியக்காலம் அஞ்சரை மணிக்கே கடைக்குப் போயிட்டேன். லேசாத் தூறல். எங்க கடைப் படியில, ஷட்டரை ஒட்டி, பூக்கூடையோட ஒரு வயசான அம்மா. முதலாளி போட்ட விதி: 'படியில் யாரும் உட்காரக் கூடாது.' போர்டே வெச்சிருந்தோம். "ஆத்தா, எந்திரிங்க. இங்க உட்காரக் கூடாது"ன்னேன். அந்தம்மா சண்டை போடல. "கடை திறக்க இன்னும் நாலு மணி நேரம் கிடக்கேப்பா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு, கூடையைத் தூக்கிக்கிட்டு எதிர்ல சாக்கடை ஓரமாப் போய் உட்கார்ந்துட்டாங்க.

எங்க கடையில அப்பதான் சேர்ந்த ஒரு சின்னப் பையன். லாரிக்காக அவனும் வந்திருந்தான். அவன் என்ன பண்ணினான்னா, சரக்கு வந்த அட்டைப்பெட்டி ஒண்ணைப் பிரிச்சு, அந்தம்மாவுக்குக் கீழே போட்டுக்கச் சொல்லிக் கொடுத்துட்டு, "தூறல் நிக்கிற வரைக்கும் படியிலயே இருங்க ஆத்தா"ன்னு திரும்பக் கூட்டிட்டு வந்துட்டான். எனக்கு வந்தது பாருங்க கோபம்! நான் எழுப்பி விட்ட ஆளை இவன் உட்கார வைக்கிறானா? அவனுக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டினேன். (அரங்கில் அமைதி)

இப்பவும் எதிரணிக்கே கை தட்டுவீங்கன்னு தெரியும். ஆனா நடுவர் அவர்களே, இங்கேதான் என் கட்சியே இருக்கு. அன்னிக்கு அந்தக் கடையில கருணை இருந்ததா இல்லையா? இருந்தது. யார்கிட்ட இருந்தது? கடையிலேயே குறைஞ்ச சம்பளம் வாங்கின பையன்கிட்ட. அந்தக் கருணைக்கு விலை கொடுத்ததும் அவன்தான். 'கருணை போதும், விதி வேண்டாம்'னு எதிரணி சொல்றப்ப, அந்த விலையை யார் கட்டுறதுன்னு சொல்லவே இல்லையே!

அடுத்த நாலு நாள் அந்தம்மா வரல. அஞ்சாம் நாள் பேத்தி பூக்கூடையோட வந்துச்சு. "ஆத்தாவுக்கு நெஞ்சுல சளி"ன்னுச்சு. அன்னிக்குத் தூறல்ல எழுப்பி விட்டதாலதான் சளி பிடிச்சதுன்னு எந்த டாக்டரும் சொல்லல. நானும் சொல்லல. ஆனா அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கல.

கடைக்காரங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். வாசல்ல கூட்டம் சேர்ந்தா உள்ளே வர்ற வயசானவங்க தடுக்கி விழுவாங்க. தீப்பிடிச்சா ஜனங்க ஓடி வர்ற வழி அதுதான். ஸ்டவ் வெச்சு வடை போட்டா உள்ளே இருக்கறது பூரா துணி! எல்லாத்துக்கும் மேல முதலாளி என்கிட்ட கேட்டார்: "இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க. யாரை வேணாம்னு சொல்லுவ?" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குக் கருணையில பதில் கிடையாது.

ஏன்னா கருணைக்குக் கண்ணு பிடிச்சவங்களைத்தான் தெரியும். இதுக்கு எங்க மாவட்டத்து ராஜாவையே சாட்சிக்குக் கூப்பிடறேன். பழனி மலைப் பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன்! கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். மயில் ஒண்ணு குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சு, தன் போர்வையைக் கொடுத்த புண்ணியவான். குளிருக்கும் கருணைக்கும் தமிழ்ல இதை விடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டா? எதிரணி இதைச் சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தேன். சொல்லாம விட்டுட்டாங்க. ஏன் விட்டாங்கன்னா, மீதிக் கதை அவங்களுக்கு ஆகாது. (சிரிப்பு)

அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிஞ்சு போயிட்டார். இது சிலப்பதிகாரத்துக் கண்ணகி இல்லை, வேற கண்ணகி. அந்தம்மா கண்ணீரோட நிக்கிறாங்க. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார்னு நாலு புலவர்கள் மாத்தி மாத்திப் போய், 'எங்களுக்குப் பரிசு வேண்டாம், உன் வீட்டம்மாவுக்கு இரங்கு'ன்னு கேட்க வேண்டி வந்தது. புறநானூறுல 143 முதல் 147 வரைக்கும் எடுத்துப் பாருங்க. போர்வையே தேவைப்படாத மயிலுக்குப் போர்வை கிடைச்சது. அழுதுகிட்டிருந்த மனைவிக்கு நாலு புலவர் சிபாரிசு தேவைப்பட்டது! பேகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. அவர் வள்ளல்தான். ஆனா கருணை அன்னிக்கு எந்தப் பக்கம் திரும்பிச்சோ அந்தப் பக்கம் மட்டும்தான் பெய்ஞ்சது.

நம்ம கதையும் அதுதாங்க. தைப்பூசத்துக்கு நத்தம் பக்கமிருந்து திண்டுக்கல் வழியாப் பழனிக்குப் பாதயாத்திரை போறாங்க. எங்க ஊர்லேருந்து இன்னும் 60 கிலோமீட்டர் இருக்கு. அவங்களுக்கு நாங்க மோர் தர்றோம், சுக்குக் காபி தர்றோம், ராத்திரி படுக்க வாசலைத் தர்றோம். எங்க கடையிலயும்தான். அதே படியில! அதே தை மாசக் குளிர்ல! பச்சை வேட்டி கட்டிக்கிட்டு வந்தா படி திறக்குது; பூக்கூடையோட வந்தா மூடுது. இதை நானே பல வருஷம் கவனிக்கல.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் கொஞ்சம் பார்ப்போம். டெல்லி ஜன்பத் பகுதியில துணி வித்த சோடன் சிங் தொடுத்த வழக்குல, 1989-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தெருவுல வியாபாரம் பண்றதும் அரசியல் சட்டம் தர்ற தொழில் உரிமைதான்; ஆனா இந்த இடம்தான் வேணும்னு நிரந்தரமாக் கேட்க முடியாது; ஒழுங்குபடுத்தலாம். அதுக்கப்புறம் கால் நூற்றாண்டு கழிச்சு, 2014-ல தெரு வியாபாரிகளுக்குன்னே தனிச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு. அதுல 40 சதவீதத்துக்குக் குறையாம தெரு வியாபாரிகளே உட்காரணும், அவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். கணக்கெடுத்து முடிக்காம யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ். சரக்கைப் பறிமுதல் பண்ணினா, அழுகிப் போற பொருளை, நம்ம பூ, காய் மாதிரி, கேட்ட அன்னிக்கே திருப்பிக் கொடுக்கணும். மத்த சரக்குக்கு ரெண்டு வேலை நாள்.

அந்தக் கடைசி விதியை மட்டும் கவனிங்க. பூ சாயங்காலத்துக்குள்ள வாடிடும்கறது சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரோ ஒருத்தர் ஒரு பூக்காரம்மாவை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் எழுதியிருக்கணும். அதிகாரிக்கு அன்னிக்கு மனசு இளகினா கிடைக்கும், இல்லேன்னா இல்லைங்கற நிலைமையை அது மாத்திடுச்சு. எல்லா ஊர்லயும் இது அப்படியே நடக்குதுன்னு நான் சொல்ல வரல. கேட்கறதுக்கு ஒரு வரி இருக்குன்னு சொல்றேன்.

ஆனா ரோடு அரசாங்கத்தோடது, படி முதலாளியோடது. அந்தச் சட்டம் எந்த முதலாளியையும் 'உன் படியைக் கொடு'ன்னு கட்டாயப்படுத்தல. (நிறைய கடைகளோட படியே சாக்கடை மேலதான் நிக்குது. அப்ப யார் ஆக்கிரமிப்புன்னு மாநகராட்சிதான் சொல்லணும்! – சிரிப்பு) ஆகவே படிக்கட்டுக்குக் கடைதான் விதி எழுதணும்.

கடை விதியை மாத்த முடியுமான்னு கேட்காதீங்க. ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன் உட்காரக் கூடாதுங்கறது எத்தனை காலத்து விதி! காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நின்னே கால் வீங்கினவங்களை நான் பார்த்திருக்கேன். நல்ல முதலாளி கடையில ஸ்டூல் இருக்கும், மத்த இடத்துல இருக்காது. 2018-ல கேரளா சட்டத்தைத் திருத்திச்சு. 2021-ல தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை கட்டாயம்னு சொல்லிடுச்சு. இன்னிக்கு அந்தப் பெண்பிள்ளைங்க உட்கார்ந்தா அது யாரோட தயவும் இல்லை. நிமிர்ந்து உட்காரலாம்.

சரி, எங்க படிக்கட்டு என்ன ஆச்சு? அந்தச் சளிக்கு அப்புறம் ஒரு நாள் முதலாளிகிட்ட போய் நின்னேன். "அண்ணாச்சி, விதி வேண்டாம்னு சொல்லல. விதியை மாத்தி எழுதலாம்"னேன். ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். கடை திறக்கறது ஒன்பதரை. ராத்திரி அடைச்சதுலேருந்து அது வரைக்கும் படி சும்மாதான் கிடக்கு. 'காலை 9 மணி வரை படியின் வலது ஓரத்தில் வியாபாரிகள் உட்காரலாம். மழை பெய்தால் எந்த நேரமும் சன்ஷேடுக்குக் கீழே நிற்கலாம். நடுவழியை மறைக்கக் கூடாது. அடுப்பு கூடாது. போகும்போது கூட்டிவிட்டுப் போகவும்.' அவ்வளவுதான். பழைய போர்டையே வெள்ளையடிச்சு அது மேல எழுதினோம். பத்துப் பேர் வருவாங்கன்னு பயந்தோமே, வலது ஓரத்துல மூணு பேருக்குத்தான் இடம். யாரு அந்த மூணு பேருன்னு அவங்களே பேசி வெச்சுக்கிட்டாங்க. எங்களை யாரும் கேட்கல.

பையனோட அரை நாள் சம்பளத்தையும் அந்த மாசமே திருப்பிக் கொடுத்துட்டேன். வாங்கிக்கிட்டான். ஒண்ணும் சொல்லல.

ரெண்டு வருஷம் கழிச்சு வாட்ச்மேன் மாறினார். வெளியூர்க்காரர், கொஞ்சம் கடுமையான ஆள். முதல் நாள் காலையில கம்பைத் தட்டிக்கிட்டு அந்தம்மாவை எழுப்பப் போயிருக்கார். அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா போர்டு எங்க இருக்குன்னு தெரியும். "அதைப் படிங்கய்யா"ன்னு கையை மட்டும் காட்டியிருக்காங்க. அவர் படிச்சார், கம்பைக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போயிட்டார். அவருக்கு இரக்கம் இருந்ததா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, நடுவர் அவர்களே. (நீண்ட கைத்தட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. ஒரே நிமிஷம். அந்தம்மா இப்போ இல்லை. பேத்திதான் கூடையோட வருது. போர்டுல பெயிண்ட் உதிர ஆரம்பிச்சிருக்கு, '9 மணி'ங்கறதுல 9 பாதி போயிடுச்சு. மார்கழிக்கு முன்னாடி பெயிண்டரை வரச் சொல்லியிருக்கேன்.