நாள் கணக்கும் இரண்டாம் கோடும்

போன மாதம் ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. என் அக்கா மகள் அனுப்பியிருந்தாள். கர்ப்பம் பார்க்கும் வெள்ளை பிளாஸ்டிக் கிட். அதில் பளிச்சென்று ஒரு கோடு, பக்கத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற இன்னொன்று. "சித்தி, இது கோடா, நிழலா?" கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது அவளுக்கு. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத உறவு மிச்சமில்லை. கை நடுங்கி எடுத்த படம் என்பது அதன் கலங்கலிலேயே தெரிந்தது.

நான் திருப்பிக் கேட்டவை இரண்டே கேள்விகள். எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது? சொட்டு விட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுத்தாய்?

"இன்னும் தள்ளிப்போகலை சித்தி, நாளன்னைக்குத்தான் தேதி. சொட்டு விட்டது நாலரைக்கு. அப்ப ஒரு கோடுதான் இருந்துச்சு. மனசு கேக்காம குப்பையிலேர்ந்து எடுத்து மறுபடி பாத்தேன்."

இந்தப் பதிலில் இரண்டு தவறுகள் இருந்தன. நாள் வருமுன் பார்த்தது ஒன்று, நேரம் கடந்து பார்த்தது மற்றொன்று. படித்த பெண், பொறியாளர். கிட்டோடு வரும் காகிதத்தில் இரண்டுமே அச்சாகியிருக்கின்றன. ஆனால் ஏன் என்று அதில் எழுதியிருப்பதில்லை. காரணம் தெரியாத விதியை ஆசையும் பயமும் சேர்ந்து எளிதாக மீறிவிடும்.

கர்ப்பத்துக்கு நம் ஊரில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்றொரு சொல் உண்டு. மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிப்பது முழுக்கு. அந்த முழுக்கு வரவில்லை என்றால் கரு நின்றிருக்கிறது என்று பொருள். நாள் எண்ணுவதுதான் நம் பாட்டிமார் வைத்திருந்த பரிசோதனை. ஒரு முழுக்குத் தவறினால் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாவதும் தவறினால்தான் வெளியே சொல்வார்கள். இன்று மருந்துக்கடையில் விற்கும் கிட் அந்தக் காத்திருப்பைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனாலும் நாள் கணக்கிலிருந்து அதனால்கூட விடுபட முடியவில்லை.

கிட் தேடுவது குழந்தையை இல்லை, ஒரு ஹார்மோனை. அதன் பெயர் எச்.சி.ஜி. கருவுற்ற முட்டை கருக்குழாயிலிருந்து நகர்ந்து வந்து கருப்பையின் சுவரில் பதியும்போது, பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகிற செல்கள் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. 'மாதவிலக்கை நிறுத்து, இங்கே ஒரு உயிர் பதிந்திருக்கிறது' என்று தாயின் சினைப்பைக்குப் போகும் முதல் தகவல் அது. பதியும் முன் இந்தத் தகவல் ரத்தத்தில் கலப்பதில்லை. கருவுற்ற மறுநாளே எவ்வளவு விலையுயர்ந்த கிட்டை வாங்கிப் பார்த்தாலும் ஒரு கோடுதான் தெரியும்.

பதிவது எந்த நாள்? இதை ஒரு அமெரிக்க ஆய்வுக் குழு மிகப் பொறுமையாகக் கண்டுபிடித்தது. ஆலன் வில்காக்ஸ் தலைமையில், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்கள் தினமும் காலையில் சிறுநீர் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். 1999இல் வெளிவந்த முடிவுப்படி, ஆறு வாரத்துக்கு மேல் நிலைத்த கர்ப்பங்களில் கருமுட்டை வெளிவந்த 6ஆம் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள் எச்.சி.ஜி. தலைகாட்டியது. நூற்றுக்கு 84 பேருக்கு 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில்.

பதிந்த பிறகு, தொடக்க வாரங்களில் இதன் அளவு ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பதாம் நாள் பதிந்தது, அன்று அளவு 5 என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றாம் நாள் 10, பதின்மூன்றாம் நாள் 20, பதினைந்தாம் நாள் 40. கடையில் கிடைக்கும் கிட்டுகளில் பல, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி யூனிட் இருந்தால்தான் கோடு காட்டும்படி செய்யப்பட்டவை. ஆக, பதினான்காம் நாள்வாக்கில்தான் அந்த வரம்பு தாண்டப்படுகிறது. 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்கு அது மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டி வருகிறது. வேறொரு பெண்ணுக்குக் கரு பன்னிரண்டாம் நாள் பதிந்திருந்தால்? இன்னும் மூன்று நாள் தள்ளிப்போகும். இருவருமே கர்ப்பிணிகள்; ஒரே நாளில் பார்த்தால் ஒருத்திக்கு இரண்டு கோடு, மற்றவளுக்கு ஒன்று.

இதே மாதிரிகளை வைத்து வில்காக்ஸ் குழு 2001இல் சொன்ன இன்னொரு முடிவை ஒவ்வொரு கிட்டின் அட்டையிலும் அச்சடிக்கலாம் என்பேன். மாதவிலக்கு தவறிய முதல் நாளில், கர்ப்பமான பெண்களில் நூற்றில் பத்துப் பேருக்குக் கரு இன்னும் பதிந்திருக்கவே இல்லை. குறையே இல்லாத கிட் ஒன்றைச் செய்தாலும் அன்று அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நூற்றில் 97 பேரைக் கண்டுபிடிக்க முடியும். '99 சதவீதம் துல்லியம்' என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, நாள் தவறி ஐந்து முதல் ஏழு நாள் கழித்துப் பார்ப்பதே நல்லது. அவ்வளவு பொறுக்க முடியாது என்றால் தவறிய நாளில் பாருங்கள். ஆனால் அன்று ஒரு கோடு வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கும், பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் இன்னும் மாதவிலக்கு திரும்பாதவர்களுக்கும் தவறிய தேதி என்று ஒன்று கிடையாது. அவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்க்கலாம். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பார்க்கச் சொல்வது ஏன் என்றால், இரவெல்லாம் தேங்கியதில் ஹார்மோன் செறிவாக இருக்கும். வெயில் காலத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு மதியம் பார்த்தால் அது நீர்த்துப்போயிருக்கும். நாள் தவறி இரண்டு வாரம் ஆனவருக்கு இந்தக் கவலை அவ்வளவாகத் தேவையில்லை.

கோடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அதைப் படிப்பது எளிது. பட்டையின் ஒரு முனையில், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் ஒட்டிய ஆன்டிபாடிகள் காய்ந்த நிலையில் காத்திருக்கின்றன. அவ்வளவு நுண்ணிய அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். சொட்டு விட்டதும் சிறுநீர் அவற்றைக் கரைத்து இழுத்துக்கொண்டு பட்டையில் ஊர்ந்து போகிறது. எச்.சி.ஜி. இருந்தால் அது தங்க ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும். 'டி' என்ற இடத்தில் நிலையாகப் பதித்திருக்கும் வேறொரு ஆன்டிபாடி, வரும் எச்.சி.ஜி.யின் மறுபக்கத்தைப் பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் சிக்கிச் சேரும் தங்கம்தான் நாம் பார்க்கிற இளஞ்சிவப்புக் கோடு. 'சி' என்ற இடம் எச்.சி.ஜி.யைக் கண்டுகொள்ளாமல் தங்க ஆன்டிபாடியையே பிடிக்கும். நீர் அதுவரை ஒழுங்காக வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. 'சி'யில் கோடு விழவில்லை என்றால், 'டி'யில் என்ன தெரிந்தாலும் அந்தக் கிட் செல்லாது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே பார்த்தோமே, அதுவும் இதே நுட்பம்தான்.

மங்கலான கோடும் கோடுதான். ஆனால் அதற்கு நிறம் இருக்க வேண்டும், 'சி' கோட்டின் அகலம் இருக்க வேண்டும், காகிதத்தில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் பட்டை காயத் தொடங்கும். காயும்போது, ஆன்டிபாடி தடவிய இடம் சாம்பல் நிறத்தில் ஒரு தடமாகத் தெரியக்கூடும். என் அக்கா மகள் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தது அந்தத் தடத்தைத்தான். சொன்ன தேதியில் அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. இல்லாத ஒன்றுக்காக இரண்டு நாள் மகிழ்ந்து மூன்றாம் நாள் அழுதாள்.

உண்மையாகவே இரண்டு கோடு வந்து, நாலைந்து நாளில் மாதவிலக்கு ஆகிவிடுவதும் உண்டு. கரு பதிந்து, ஹார்மோன் சுரந்து, பிறகு நிலைக்காமல் போய்விட்டது என்று பொருள். வில்காக்ஸ் குழு அதே 221 பெண்களிடம் நடத்திய ஆய்வின் 1988ஆம் ஆண்டு முடிவு, பதிந்த கருக்களில் 22 சதவீதம் வேறு எந்த வகையிலும் தெரியவரும் முன்பே கலைந்துவிடுகின்றன என்று காட்டியது. முன்பெல்லாம் இது 'இந்த மாதம் ரெண்டு நாள் தள்ளி வந்துச்சு' என்பதோடு முடிந்திருக்கும். இதற்குக் காரணம் மாடிப்படி ஏறியதோ, பப்பாளி தின்றதோ, வண்டியில் போனதோ இல்லை; பெரும்பாலும் கருவின் குரோமோசோம்களில் உள்ள குறை. மருமகளைக் குற்றம் சொல்லும் வீடுகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பட்டை பெண்களின் கைக்கு வந்து சேர்ந்த கதையும் சின்னதில்லை. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றி, சில நாள் கழித்து அவற்றை அறுத்துச் சினைப்பையைப் பார்த்தார்கள். பிறகு முயல் வந்தது. பிறகு தென்னாப்பிரிக்கத் தவளை வந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் அது முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பிணி. தவளையைக் கொல்ல வேண்டியதில்லை என்பதால் பல நாட்டு ஆய்வகங்கள் அதை வளர்த்தன. 1967இல் அமெரிக்காவில் ஆர்கனான் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த மார்கரெட் கிரேன் என்ற இளம்பெண், ஆய்வகத்தில் வரிசையாக நிற்கும் சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதை வீட்டிலேயே செய்யலாமே என்று ஒரு பெட்டியை வடிவமைத்தார். விஞ்ஞானப் பட்டம் இல்லாதவர். மருத்துவரைத் தாண்டிப் பெண்களே தெரிந்துகொள்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. 1971இல் கனடாவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. தன் உடலைப் பற்றிய செய்தியைத் தானே முதலில் அறிய ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்ற அவரது எண்ணம்தான் இன்று நம் தெருமுனை மருந்துக்கடைவரை வந்திருக்கிறது. நம் வீடுகளில் மாமியாரோ கணவனோ குளியலறை வாசலில் நின்று கிட்டை வாங்கிப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வருகிறது.

பொய்யாக இரண்டு கோடு வருவது அரிது. குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை வெளிவர எச்.சி.ஜி. ஊசியே போடுவார்கள், அது உடலில் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்வரை இருக்கும் என்பதால், மருத்துவர் சொன்ன நாளுக்கு முன் பார்க்கவே கூடாது. பிரசவமோ கருச்சிதைவோ ஆன சில வாரங்களிலும் கோடு விழும். நஞ்சுக்கொடித் திசு முறைதவறி வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமும் சில கட்டிகளும் அரிய காரணங்கள். கருத்தடை மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் கோட்டை மாற்றாது. யூடியூபில் சொல்லும் சர்க்கரை, உப்பு, பற்பசைச் சோதனைகள் எந்தச் சிறுநீரிலும் நுரைக்கும், திரியும், அவை எச்.சி.ஜி.யை அறியா. நாள் நிறையத் தள்ளிப்போய், மசக்கையும் இருந்து, ஒரு கோடே வந்தால் அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. எட்டுப் பத்து வாரத்தில் ஹார்மோன் அளவு லட்சத்தைத் தொடக்கூடும். அப்போது தங்க ஆன்டிபாடியையும் 'டி' ஆன்டிபாடியையும் தனித்தனி எச்.சி.ஜி.க்களே நிரப்பிவிட, இரண்டையும் இணைக்க ஆளில்லாமல் கோடு விழாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சந்தேகம் தீர்க்கும்.

இரண்டு கோடு வந்ததும் அடுத்த குழப்பம் வார எண்ணிக்கையில் வருகிறது. 'கல்யாணமாகி நாலு வாரந்தான் ஆகுது, டாக்டர் ஆறு வாரம்கிறாரே' என்று வீட்டில் எழும் சந்தேகம் சில பெண்களின் வாழ்க்கையையே கெடுத்திருக்கிறது. மருத்துவர்கள் உலகம் முழுவதும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். கரு உருவாவது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்தி. ஆறு வாரக் கர்ப்பம் என்றால் கருவுக்கு வயது நான்கு வாரம். அவ்வளவுதான் விஷயம்.

அந்த நான்கு வாரத்துக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முயலும்போதே தொடங்கச் சொல்வது அதனால்தான். தொடங்காதவர்கள் கோடு தெரிந்த அன்றே மருத்துவரிடமோ, ஊரில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரிடமோ போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. கர்ப்பத்தைத் தொடர விரும்பாதவர்களும் மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். சட்டம் அனுமதிக்கிற முறையான வழி மருத்துவமனையில் இருக்கிறது.

எப்படியானாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஏனென்றால், கரு எங்கே பதிந்திருக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லாது. கருப்பைக்கு வெளியே, கருக்குழாயிலேயே பதிந்தாலும் அதே எச்.சி.ஜி. சுரக்கும், அதே இரண்டு கோடு விழும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். இரண்டு கோடு பார்த்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டி மயக்கம் என்று இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது, 'டெஸ்டில் இரண்டு கோடு வந்தது' என்பதை.