ஒரே ஒரு என்டர்!

என் மச்சினன் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், ரசத்துக்கு வருவதற்குள் செல்போன் அடித்துவிடும். எங்கோ ஒரு சர்வர் படுத்திருக்கும். இலையை மூடாமலே லேப்டாப்பைத் திறப்பான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸுக்கு வேலையே இல்லை.

‘‘ஏன் மாப்ளே, ஒவ்வொரு தடவையும் முதல்ல ‘ஹோஸ்ட்நேம்’னு அடிக்கறே? மிஷின் பேர் உனக்கே தெரியாதா?’’ என்றேன். பி.காம். படித்தவன் வேறென்ன கேட்பான்!

‘‘தெரியும்னு நினைச்சவர் கதையைக் கேளுங்க மாமா...’’

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற கம்பெனி. புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கிற இடம். டேட்டாபேஸ் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று அசல், மற்றது நகல். நகல் தகராறு செய்தது. ராத்திரி வரை மல்லுக்கட்டிய இன்ஜினீயர், நகலைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் காப்பி எடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார்.

தட்டியது அசல் சர்வரில்!

ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.யில் மிச்சம் 4.5 ஜி.பி.தான்.

‘பேக்கப் இருக்குமே?’ என்பீர்கள். தினசரி பேக்கப், வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய ஈமெயில்களும் போய்ச் சேரவில்லை! ஆறு மணி நேரம் முன்பு வேறு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு காப்பிதான் மானத்தைக் காப்பாற்றியது. சுமார் 18 மணி நேரம் கடையடைப்பு. ஆறு மணி நேரத் தகவல் போயே போச்சு. ஆனால் ஒளிக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள்.

மச்சினன் விரல் விட்டான். ‘‘அழிக்கறதுக்கு முன்னாடி எந்த மிஷின், எந்த டைரக்டரின்னு பார்க்கணும். சர்வர் படுத்தா உடனே ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது. ‘பிங்’ போகுதா, டிஸ்க் நிரம்பியிருக்கானு முதல்ல பார்க்கணும். மூணாவது, திரும்பப் போட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை மாமா!’’

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பென் டிரைவில் பேக்கப். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அன்றிரவே பார்த்தேன். ஃபைல்கள் வரிசையாக நின்றன. சைஸ்? எல்லாமே ஜீரோ!

தூக்கம் போச்சு. விடிந்ததும் ஷட்டர் தூக்குமுன் கடை வாசலில் நின்றேன்.

‘‘என்ன சார், இவ்வளவு சீக்கிரம்?’’

‘‘துவரம்பருப்பு ஒரு கிலோ அண்ணாச்சி... அப்படியே அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க!’’