பெருங்குடல் புற்றுநோயின் வளர்ச்சியில் குருத்தணுக்களின் பங்கு

முன்னுரை

பெருங்குடலின் உட்சுவரில் எண்ணற்ற நுண்குழிகள் உள்ளன. அவற்றின் அடியில் அமைந்த, ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் இடைவிடாது பிரிந்து, சில நாள்களுக்கு ஒருமுறை மேலுறையைப் புதுப்பிக்கின்றன. புற்றுக்கட்டியையும் இத்தகைய ஒரு சிறு பிரிவே வளர்க்கிறதா, அப்பிரிவை அழித்தால் நோய் தீருமா என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டியின் தோற்றம்

எல்ஜிஆர்5 என்னும் புரதம் குடற்குருத்தணுக்களின் அடையாளம் என்பதை 2007இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளீவர்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். எலிகளின் இக்குருத்தணுக்களில் ஏபிசி மரபணுவை நீக்கியபோது கட்டிகள் தடையின்றி வளர்ந்தன. முதிரத் தொடங்கிய அணுக்களில் நீக்கியபோது வளர்ச்சி விரைவில் நின்றது என 2009இல் அவர்கள் நிறுவினர்.

கட்டிக்குள் படிநிலை

2007இல் டொரன்டோவின் ஜான் டிக் குழுவினர், நோயாளிகளின் கட்டியணுக்களை நோயெதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளில் செலுத்தினர். வகைபிரிக்கப்படாத அணுக்களில் ஏறத்தாழ 57,000க்கு ஒன்றே புதிய கட்டியைத் தோற்றுவித்தது. சிடி133 புரதம் கொண்டவற்றில் இவ்விகிதம் 262க்கு ஒன்றாக உயர்ந்தது. ஆகவே, இவ்வடையாளம் கொண்ட அணுக்கள் அனைத்தும் குருத்தணுக்கள் அல்ல என்பதும் புலனாகிறது.

மீளும் தன்மை

2017இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தியமைத்தன. எலிகளின் கட்டிகளில் எல்ஜிஆர்5 அணுக்களை மட்டும் அழித்தபோது, முதன்மைக் கட்டி சுருங்கவில்லை. வளர்ச்சி மட்டுமே தடைப்பட்டது. அழிப்பை நிறுத்தியதும் அவ்வணுக்கள் மீண்டும் தோன்றின. ஆனால், கல்லீரலில் பரவற்கட்டி உருவாகவும் நிலைக்கவும் அவை இன்றியமையாதனவாக இருந்தன. மனிதக் கட்டியணுக்களைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர் நடத்திய ஆய்வில் கட்டி முதலில் சுருங்கியது. பின்னர் முதிர்ந்த அணுக்களே குருத்தணு நிலைக்குத் திரும்பிக் கட்டியை வளர்த்தன.

கட்டியிலிருந்து பிரிந்து பரவும் அணுக்களில் பெரும்பாலானவை எல்ஜிஆர்5 அற்றவை என்பதை 2020ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அவை புதிய உறுப்பை அடைந்த பின்னரே அப்பண்பைப் பெறுகின்றன.

முடிவுரை

எனவே, புற்றுநோயில் குருத்தணுத்தன்மை என்பது ஓர் அணுவகைக்கே உரிய நிலையான பண்பன்று. சூழலுக்கேற்ப இழக்கவும் மீட்கவும் கூடிய ஒரு நிலை. குருத்தணுக்களை அழிப்பதோடு, முதிர்ந்த அணுக்கள் அந்நிலைக்குத் திரும்பும் வழியையும் அடைக்கும் சிகிச்சையே நோய் மீள்வதைத் தடுக்க வல்லது எனலாம்.